பத்து மணிக் கேள்விகள்

“என் தங்கச்சி பேரை இந்தப் படகுக்கு வெச்சப்பவே தெரியும் மாப்ள, என்னைக்காவது நம்மளக் கவுத்துரும்னு” என்றான் கிளெம். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். உடைந்த விலா எலும்பு இடம் கொடுக்கவில்லை.

ரெவி சிரிக்கவில்லை. ‘லொரெய்ன்’ என்று பெயர் எழுதிய அந்தப் படகு தலைகீழாகக் கிடந்தது. அதன் சிவப்புச் சாயம் பூசிய அடிப்பக்கத்தில் அவன் குப்புறப் படுத்திருந்தான். ஒரு கை நடுவில் நீண்டிருந்த கட்டையைப் பிடித்திருந்தது, மறு கை மச்சானின் கம்பளிச் சட்டையைப் பிடித்திருந்தது. லொரெய்ன் என்பது ரெவியின் மனைவி பெயர். கிளெம் அவளுடைய அண்ணன். இரண்டு பேருமாக இந்தப் படகில் காட் மீன் பிடிக்கத் தொடங்கி முடி நரைத்துவிட்டது.

கூண்டுக் கயிறுதான் வினையாக முடிந்தது. காலையில் மீன்கூண்டு ஒன்றைத் தூக்கும்போது கயிறு போய், படகைத் தள்ளும் இயந்திர விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் நின்றது. படகு அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பியது. அடுத்து வந்த அலை அதைத் தோசையைப் போலத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனது. பின்பக்கம் நின்ற ரெவி மழைக்கோட்டோடு தண்ணீரில் விழுந்தான். உள்ளே சுக்கானைப் பிடித்திருந்த கிளெம், வெளியே வருவதற்குள் எதிலோ நெஞ்சை மோதிக்கொண்டான். கோட்டு இல்லாமல் கம்பளிச் சட்டையோடு மேலே வந்தான். ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, ரேடியோ, தெர்மாஸ் பிளாஸ்க், சீஸ் ரோல் எல்லாம் கீழே, தண்ணீருக்குள். ரெவி இரண்டு முறை முங்கிப் பார்த்தான். இரண்டாவது முறை கயிறு காலில் சுற்றியது. அதோடு விட்டுவிட்டான்.

ஜூலை மாதம், உலகின் அந்தத் தென்கோடியில் நடுக்குளிர்காலம். தெற்கிலிருந்து காற்று. அந்தக் கடலில் ஜூலை மாதத் தென்காற்று என்றால் என்னவென்று பிளஃப் துறைமுகத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ரெவி தன் கோட்டைக் கழற்றி மச்சானுக்குப் போர்த்தினான். கயிற்றின் ஒரு துண்டால் அவனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான்.

“மணி பத்து ஆயிருக்கும்” என்றான் ரெவி. “லொரெய்ன் கேள்வி படிக்க ஆரம்பிச்சிருப்பா.”

“படிக்கட்டும். எனக்கு அந்தப் பாயின்ட்டைக் குடுக்குற வரைக்கும் நான் கேக்கமாட்டேன்.”

இந்தச் சண்டையை ரெவி மறந்தே போயிருந்தான்.

அந்தத் துறைமுகத்துக் காட் படகுகளுக்கெல்லாம் ஒரு வழக்கம். காலை பத்து மணிக்கு வேலையை நிறுத்தித் தேநீர் ஊற்றிக்கொள்வார்கள். லொரெய்ன் வீட்டு அடுப்படியில், படகுகளோடு பேசுகிற ரேடியோ ஒன்று உண்டு. அன்றைய பேப்பரில் வரும் பதினைந்து பொது அறிவுக் கேள்விகளை அவள் அதில் படிப்பாள். ஒவ்வொரு படகிலும் விடையை எழுதிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே விடைகளைப் படிப்பாள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மதிப்பெண்ணைச் சொல்ல, அவள் குறித்துக்கொள்வாள். எழுதியதை யாரும் வந்து பார்ப்பதில்லை. மானம்தான் சாட்சி. மாதக் கடைசியில் முதலில் வந்தவருக்குப் பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் அத்தனை அடிதடி.

கிளெம் அதில் ராஜா. தோற்கவே தெரியாத ராஜா. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். விடை தவறிப்போனால் கேள்வி தவறு என்பான், கேள்வி சரியாக இருந்தால் பேப்பர்க்காரன் முட்டாள் என்பான். சிக்கல் என்னவென்றால் பாதி நேரம் அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். மனைவி அவனை விட்டுப் போனதே இதனால்தான் என்று ஊரில் பேச்சு. அதையும் அவன் ஒத்துக்கொண்டதில்லை.

போன மாதக் கடைசி நாளில் ஒரு கேள்வி வந்தது. உலகிலேயே அதிக உயரத்தில் இருக்கும் தலைநகரம் எது? பேப்பரில் இருந்த விடை லா பாஸ். கிளெம் எழுதியது கீட்டோ. உடனே ரேடியோவில் பாய்ந்தான். “பொலிவியாவோட தலைநகரம் சூக்ரே. லா பாஸ்ல கவர்மென்ட் உக்காந்திருக்கு, அவ்வளவுதான். அப்போ ஈக்வடாரோட கீட்டோதான் உசரம். எனக்குப் பாயின்ட் போடு.” லொரெய்னும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. எல்லாப் படகும் கேட்க, “பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதான் விடைண்ணே. உனக்கு ஒண்ணு கொறைச்சல்” என்றாள். அந்த ஒன்றில் இன்னொரு படகுக்காரன் மர்டோ முந்திக்கொண்டான். கிளெம் ரேடியோவை அணைத்தான். அன்றிலிருந்து பத்து மணிக்கு அதைத் தொடுவதில்லை. மற்றவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவின் மேற்குப்புறம் யாரும் போகாத வளைகுடாவில் தனியாகக் கூண்டு போடத் தொடங்கினான். ரெவிக்கு வீட்டுக்குப் போனால் அண்ணனைப் பற்றிய வசவு, படகுக்கு வந்தால் தங்கையைப் பற்றிய வசவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இப்போது படகின் முதுகில் படுத்துக்கொண்டு ரெவி அதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தான். சண்டைக்கு முந்தைய நாளாக இருந்தால், பத்து மணிக்குக் கிளெமின் குரல் வரவில்லை என்றாலே எல்லாரும் பதறியிருப்பார்கள். இன்றைக்கு யாரும் பதற மாட்டார்கள். வீம்புக்காரன் வீம்பு பிடிக்கிறான் என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் குடிப்பார்கள். லொரெய்ன் உதட்டைச் சுழித்துக்கொண்டு அண்ணனின் பெயருக்கு நேராக ஒரு கோடு கிழிப்பாள். பொழுது சாய்ந்து, சாப்பாடு ஆறி, அதற்கப்புறம்தான் தேடுவார்கள். அதுவரை மச்சான் தாங்க வேண்டும். கிளெமின் உதடுகள் அதற்குள் நாவல்பழம் தின்றவனின் உதடுகள் மாதிரி ஆகிவிட்டன.

“மச்சான், தூங்காத.”

“தூங்கல. கண்ணை மூடியிருக்கேன்.”

“கண்ணைத் தொற. ஏதாவது பேசு.”

“என்னத்தப் பேச? ஒனக்கு ரக்பியை விட்டா என்னடா தெரியும்?”

அது உண்மைதான். பத்து மணிக் கேள்விகளில் ரெவி பதினைந்துக்கு மூன்று எடுத்தால் அன்றைக்குத் திருவிழா. ஆனால் வேறு வழி தோன்றவில்லை. “நான் கேள்வி கேக்குறேன். நீ சொல்லு. இந்தா, பாயின்ட் போடுறேன்” என்று இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். படகின் சிவப்புச் சாயத்தில் ஒரு கீறல் போட்டுக் காட்டினான். “ஆக்டோபஸுக்கு எத்தன இதயம்?”

“மூணு. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கேக்குற கேள்வி.”

கீறினான். தெரிந்த கேள்விகளையெல்லாம் கேட்டான். அவை சீக்கிரமே தீர்ந்துவிட்டன. கிளெமின் பதில்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஒரு அலை வந்து இருவரையும் கழுவிவிட்டுப் போனது. ரெவி வாயிலிருந்த உப்பைத் துப்பினான். மனதில் வந்ததைக் கேட்டான். “உலகத்துலயே பெரிய பாலைவனம் எது?”

“அண்டார்ட்டிகா.”

“தப்பு. சஹாரா.”

அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். கிளெமின் கண்கள் முழுசாகத் திறந்தன.

“என்னது?”

“சஹாரா. ஒனக்குப் பாயின்ட் கெடையாது.”

“அடேய் கூமுட்ட! பாலைவனம்னா மணல்னு எவன்டா சொன்னான்? மழ பெய்யாத எடம்டா! அண்டார்ட்டிகாவுல மழயே கெடையாது! கீறலைப் போடு!”

“சஹாராதான்.”

“கீறலைப் போடுறா!” கிளெம் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தே விட்டான். விலா வலியில் அலறினான், அலறிக்கொண்டே திட்டினான். முகத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியது. உடம்பு தடதடவென்று நடுங்கியது. கொஞ்ச நேரமாக அந்த நடுக்கம் நின்றிருந்ததை ரெவி அப்போதுதான் உணர்ந்தான். குளிரில் நடுக்கம் நிற்பது நல்லதல்ல. அது திரும்பி வந்துவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவனுக்கு வாயைத் தவிர வேறென்ன இருக்கிறது? ரெவி கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டான்.

“போட முடியாது. நான் சொல்றதுதான் விடை.”

அதன் பிறகு அவன் ஒரு கேள்விக்கும் நியாயமாக மதிப்பெண் போடவில்லை. கடலிலேயே பெரிய மீன் எது என்று கேட்டான். திமிங்கிலச் சுறா என்றான் கிளெம். நீலத் திமிங்கிலம் என்று சாதித்தான் ரெவி. “திமிங்கிலம் மீனே இல்லடா! குட்டி போட்டுப் பால் குடுக்குது! இத்தன வருஷம் மீன் பிடிச்சிருக்க, வெக்கமா இல்ல?” கிவிப் பறவைக்கு மூக்குத் துளை எங்கே என்று கேட்டான். அலகு நுனியில் என்றான் கிளெம். தலையில் என்றான் ரெவி. “ஒன் தலையில! ஒன் தலையிலதான் துளை இருக்கு! அது வழியாத்தான் மூளை ஒழுகிப் போச்சு!”

ரெவிக்குக் கண்ணீர் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இப்படி ஒரு மனிதனை எரிச்சலூட்டுவதற்காக அவன் என்றைக்குமே பாடுபட்டதில்லை. இத்தனை வருடமாக மச்சானின் வாயை மூட வைக்கத்தான் பாடுபட்டிருக்கிறான்.

நண்பகல் தாண்டியது. சூரியன் மேகத்துக்குள் மங்கலாக ஒருமுறை தெரிந்துவிட்டுப் போனது. தூரத்தில் ஒரு படகும் இல்லை. படகின் பின்பக்கம் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. கிளெமின் திட்டுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஒரு கேள்விக்குப் பதில் வர, ரெவி மூன்று முறை கன்னத்தில் தட்ட வேண்டியிருந்தது.

பயத்தில் ரெவி அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தான். “மச்சான், அந்தக் கீட்டோ. நீ சொன்னதுதான் சரி. அந்தப் பாயின்ட் ஒனக்குத்தான். நான் லொரெய்ன்கிட்ட சொல்றேன்.”

கிளெம் அவனையே பார்த்தான். “எதுக்கு இப்பக் குடுக்குற?”

“சரின்னு தோணுது, குடுக்குறேன்.”

“நான் சாகப்போறேன்னு குடுக்குற.” பற்கள் தந்தியடித்தன. “பிச்ச போடுறியா? எடுத்துட்டுப் போ. அவ வாயால சொல்லணும். நீ யாரு நடுவுல?”

கோபம் வந்ததே என்று ரெவி கும்பிடாத குறையாக மகிழ்ந்தான். ஆனால் அது நிலைக்கவில்லை. கிளெம் தலையைச் சாய்த்துக்கொண்டான். கேள்விகளோ வற்றிப்போய்விட்டன. பேப்பரில் தினம் பதினைந்து கேள்வி எழுதுகிற அந்த முகம் தெரியாத ஆளின் அருமை ரெவிக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு மண்டைக்குள் எத்தனை கேள்விதான் இருக்கும்? தவிப்பில் வீட்டு விஷயங்களுக்குப் போனான்.

“லொரெய்ன் பொறந்தது என்ன கிழம?”

“இது பொது அறிவு இல்ல” என்றான் கிளெம், கண்ணைத் திறக்காமலே.

“கேள்வி கேக்குறவன் நான். சொல்லு.”

“பொது அறிவுன்னா எல்லாருக்கும் பொதுவாத் தெரியணும். இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது.” உதட்டிலிருந்த உப்பை நக்கினான். “ஞாயித்துக்கிழம. அம்மாவுக்கு வலி வந்துருச்சுன்னு என்னைப் பக்கத்து வீட்டுல விட்டாங்க. தம்பிதான் வேணும்னு கேட்டிருந்தேன். தங்கச்சியக் காமிச்சாங்க. தப்புன்னு சொன்னேனாம்.”

“அப்பவேவா?”

“அப்பவே.” உதட்டோரம் அசைந்தது. “ஆனா மாப்ள, அவ கேள்வி படிக்கிறது நல்லாயிருக்கும்ல? நிறுத்தி நிறுத்தி. டீச்சர் மாதிரி. பத்து மணிக்கு அந்தக் குரல் இல்லாம இந்த ஒரு மாசமா… டீ குடிச்ச மாதிரியே இல்ல.”

“நாளைக்குக் கேப்போம் மச்சான். நாளைக்கு நீயே ரேடியோவப் போடு.”

வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. கிளெமின் நடுக்கம் மறுபடியும் நின்றிருந்தது. ரெவி அவன் மேல் ஏறிப் படுத்தான், கையைக் காதைத் தேய்த்தான், காதருகில் கத்தினான். கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தான். மர்டோ உன்னைவிட அறிவாளி என்று சொல்லிப் பார்த்தான். அதற்குக்கூட அசைவில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது என்கிற மாதிரி ஒரு தப்பு வேண்டும். இந்தக் கரையில் பிறந்த எவனுக்கும் ரத்தம் கொதிக்க வேண்டும். அப்போதுதான் அது கிடைத்தது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்து நாட்டின் பெயரில்.

“மச்சான்! ஆஸ்திரேலியாவோட தலைநகரம் எது? டேய் கிளெம்! ஆஸ்திரேலியாவோட தலைநகரம்!”

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“சிட்னி!” என்று கத்தினான் ரெவி. “சிட்னிதான்! எனக்குத்தான் பாயின்ட்! கேக்குதா? சிட்னி!”

கிளெம் மெல்லக் கண்ணைத் திறந்தான். அந்தப் பார்வையில் எரிச்சல் இல்லை, கேலி இல்லை. குழந்தை மாதிரி சாந்தமாக இருந்தது. ரெவி அந்த முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

“சரி மாப்ள” என்றான். “சிட்னி. போட்டுக்கோ.”

“இல்ல மச்சான். இல்ல. தப்பு சொன்னேன். நான் தப்பா சொன்னேன், திட்டு. திட்டுடா! கான்பெரா மச்சான், கான்பெரா! நீதான்டா சரி! என்கூட சண்ட போடுடா!”

கிளெம் சண்டை போடவில்லை. ரெவி அந்த ஒரு ஊரின் பெயரையே கத்திக்கொண்டிருந்தான். தொண்டை கட்டி, குரல் காற்றாகிப்போன பிறகும் கத்தினான். மர்டோவின் படகு விளக்கைப் போட்டுக்கொண்டு வளைகுடா முனையைச் சுற்றி வந்தபோது, ஆள் யாரோ ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டுமென்று அழுவது போல் இருந்தது என்று பிற்பாடு மர்டோவின் ஆட்கள் சொன்னார்கள்.

இருவரையும் பிரித்து எடுக்கக் கயிற்றை வெட்ட வேண்டியிருந்தது. மர்டோ, கிளெமின் நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான், வியர்த்து ஒழுகும்வரை அழுத்தினான். பிறகு கையை எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினான். மீன் மூடுகிற தார்ப்பாயை விரித்து மூடினார்கள். ரெவியைப் போர்வைக்குள் சுற்றி, சுக்கானுக்குப் பக்கத்தில் அடுப்பருகே உட்கார வைத்தார்கள்.

“எப்படி வந்தீங்க?” என்று கேட்டான் ரெவி. இன்னும் யாரும் தேடுகிற நேரம் ஆகவில்லை என்பது அந்த நிலையிலும் அவனுக்குத் தெரிந்தது.

மர்டோ கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இன்னைக்குக் காலைலயும் அவன் வரலன்னு நாங்க சிரிச்சோம் ரெவி. கடவுள் மன்னிக்கட்டும், நான்தான் மொதல்ல சிரிச்சேன். மத்தியானத்துக்கு மேல லொரெய்ன் திரும்ப ரேடியோல வந்தா. ‘அண்ணே, பேப்பர் என்ன சொன்னா என்ன, அந்தப் பாயின்ட் ஒனக்குத்தான், வந்து வாங்கிக்கோ’ன்னா. எல்லாரும் கைதட்டினோம். பதிலே இல்ல. ரெண்டாவது தடவயும் கூப்பிட்டா. ஜெயிச்சன்னு சொன்னா பேசாம இருக்குற ஆளா அவன்? மூணாவது தடவ அவ அவனக் கூப்பிடல. எங்களக் கூப்பிட்டா.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேல் ரேடியோ கரகரத்தது.

“மர்டோ. லொரெய்ன் பேசுறேன். கெடச்சாங்களா?” கேள்வி படிக்கிற அதே குரல்தான். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக.

மர்டோ பேசும் கருவியை எடுத்தான். ரெவியிடம் நீட்டினான்.

ரெவி அதை இரண்டு கைகளாலும் வாங்கினான். விரல்கள் மரத்துப்போயிருந்ததால் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினான். தேடப் போன படகுகள் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“நான்தான் லொரெய்ன். எனக்கு ஒண்ணுமில்ல.”

“அண்ணன்?”

இறந்துவிட்டான் என்ற சொல் அவனுக்கு வாயில் வரவில்லை. அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

“ஆஸ்திரேலியாவோட தலைநகரம் சிட்னின்னு சொன்னேன் லொரெய்ன்” என்றான். “சரின்னுட்டான்.”

உள்ளங்கையை எடுத்தான். அலை வந்து படகைத் தூக்கி இறக்கியது. பிறகு கரையில் அவள் பொத்தானை அழுத்துகிற ஒலி வந்தது.

“தப்பு” என்றாள் லொரெய்ன். “கான்பெரா.”

அதைச் சொன்னவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டாள். ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாராலும் பேச முடியாது. அடுப்படியில் அவள் அழுவதை எல்லாப் படகுகளும் கரை வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தன.